எட்டுப் பெட்டி மின்சாரம்

ஆறு மாதத்துக்கு என்று வாடகைக்கு எடுத்து வந்த மின் நிலையம் ஒன்பதாவது வருடத்தில் இருந்தது. இந்த ஒன்பது வருடத்தில் அது ஒரு பல்பு எரியும் அளவுக்குக்கூட மின்சாரம் கொடுத்ததில்லை. இதை யாராவது குறையாகச் சொன்னால் மின் அலுவலகத்துப் பொறியாளருக்கு முகம் சுண்டிவிடும். "கொடுக்கலைன்னு சொல்லாதீங்க, கொடுக்கத் தயாரா இருக்குன்னு சொல்லுங்க" என்பார். மனுஷன் சொல்வதில் பொய் கிடையாது. அது தயாராகத்தான் இருந்தது. அந்தத் தயார்தான் ஒரு தெருவையே பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

அது வந்த நாள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தெருக்கோடியில் சும்மா கிடந்த மைதானத்தில் பெரிய பெரிய லாரிகள் எட்டு இரும்புப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கின. ஒவ்வொன்றும் ஒரு சின்ன வீட்டளவு. ஒவ்வொன்றுக்குள்ளும் எரிவாயுவில் ஓடக்கூடிய ஒரு என்ஜின். "இன்னியோட மின்வெட்டு ஒழிஞ்சது" என்று மைக்கில் சொன்னார்கள். தெருவே கைதட்டியது. முட்டையக்கா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

அவள் தட்டியதற்குக் காரணம் இருந்தது. கோழிமுட்டையைப் பொரிக்கவைத்துக் குஞ்சாக விற்பது அவள் தொழில். மைதானத்துச் சுவரை ஒட்டிய வீடு. முன்னறையில் குடும்பம், பின்னறையில் பீரோ மாதிரி உயரமாக நிற்கும் முட்டை பொரிக்கும் மெஷின். ஓர் ஈட்டுக்கு அறுநூற்று இருபது முட்டை. முப்பத்தேழரை டிகிரி சூடு வேண்டும். ஈரத்துக்குத் தட்டில் தண்ணீர் வேண்டும். பதினெட்டு நாள் வரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை முட்டையைத் திருப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு திருப்பக் கூடாது, தட்டில் படுக்கப்போட்டுவிட்டு சூடு குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். இருபத்தோராம் நாள் உள்ளே இருப்பது தானே ஓட்டைக் கொத்திக்கொண்டு வெளியே வரும். சூடு என்றால் மின்சாரம். அதனால்தான் கை வலிக்கத் தட்டினாள், பாவம்.

எட்டுப் பெட்டி வந்ததே தவிர எரிவாயு வரவில்லை. ஒப்பந்தப்படி நிலையத்தைத் தயாராக வைத்திருப்பது கம்பெனியின் பொறுப்பு. எரிவாயு கொண்டுவருவது துறையின் பொறுப்பு. கம்பெனி தன் பொறுப்பை இம்மி பிசகாமல் செய்தது. துறையோ குழாய் போட டெண்டர் விட்டது. டெண்டரைத் திறக்க ஒரு குழு வேண்டியிருந்தது. குழுவில் யார் இருக்கலாம் என்று சொல்ல இன்னொரு குழு வேண்டியிருந்தது. அந்தக் குழு இன்னும் உட்காரவில்லை, நாற்காலிக்கு டெண்டர் போயிருக்கிறது என்றார்கள். வாடகைக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. பெட்டிகள் தரையைத் தொட்ட அன்றே அது ஓட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வீடு வரும் கரண்ட் பில்லின் கடைசி வரியில் 'தயார்நிலைக் கட்டணம்' என்று ஒன்று முளைத்தது. எரித்த கரண்டுக்கான காசைவிட அது அதிகமாக இருந்தது.

சரி, ஓடாத என்ஜின் பேசாமல் கிடந்து தொலைந்தாலாவது பரவாயில்லை. அதுவும் கிடையாது. தயாராக இருக்கும் என்ஜின் சூடாக இருக்க வேண்டுமாம். குளிர்ந்துபோன என்ஜினை எழுப்ப நாலு மணி நேரம் பிடிக்கும். ஒப்பந்தத்தில் நாலு நிமிடம் என்று எழுதியிருந்தது. அதனால் எட்டு என்ஜினுக்கும் நாள் முழுக்க ஹீட்டர் போட்டு வெதுவெதுப்பாக வைத்திருந்தார்கள். எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்க எட்டு பம்பு. பம்பைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கு வியர்க்காமல் இருக்க ஏசி. இத்தனைக்கும் மின்சாரம் எங்கே இருந்து வரும்? மின் நிலையத்திலிருந்து வராது என்பது தெரிந்த விஷயம். தெருவுக்கென்று இருந்த ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எடுத்தார்கள். அது பாரம் தாங்காமல் உறும ஆரம்பித்ததும் தெருவுக்குப் போகும் இணைப்பை வெட்டினார்கள். தெருவுக்கு மின்சாரம் கொடுக்கத் தயாராக இருப்பதற்காகத் தெருவின் மின்சாரம் நிறுத்தப்பட்டது. முதல் வருடம் ஒரு மணி நேரம் வெட்டு. வருடத்துக்கு ஒரு மணி கூடி, இப்போது ஒன்பது மணி நேரம்.

முட்டையக்காவுக்கு வரிசையாக இரண்டு ஈடு போயிற்று. இரண்டாவது ஈட்டில் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தாள். கண் இருந்தது, அலகு இருந்தது, ஈரமாக ஒட்டிய இறகு இருந்தது. உயிர்தான் இல்லை. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. முட்டை கொடுக்கும் பண்ணைக்காரர் நேரில் வந்து, "அக்கா, தப்பா நினைக்காதீங்க. மூணாவது ஈடும் இப்படிப் போச்சுன்னா இனிமே முட்டை அனுப்ப மாட்டோம். எங்க முட்டை சரியில்லைன்னு ஊர்ல பேர் கெடுது" என்று சொல்லிவிட்டு, கடைசியாக ஓர் ஈட்டை இறக்கிவிட்டுப் போனார். இதுவும் போனால் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

அவள் மின் அலுவலகத்துக்குப் போனாள். பொறியாளர் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

"சார், எங்க தெருவுல தினம் ஒன்பது மணி நேரம் கரண்ட் இருக்கறதில்லை."

"எந்தத் தெரும்மா?"

"மின் நிலையத்துத் தெரு சார்."

பொறியாளர் முகம் மலர்ந்தது. "குடுத்து வெச்சவங்கம்மா நீங்க! எத்தனை தெருக்காரங்க எங்களுக்கு ஒரு நிலையம் வேணும்னு மனு போடறாங்க தெரியுமா?"

"முட்டை செத்துப்போகுது சார். ரெண்டு ஈடு போச்சு."

"முட்டை எப்படிம்மா சாகும்? குஞ்சு செத்துச்சுன்னு சொல்லுங்க, நஷ்டம்னு ஒரு ஃபாரம் இருக்கு, எழுதிக்கறேன். எத்தனை குஞ்சு?"

"குஞ்சா வெளிய வரதுக்கு முந்தியே செத்துடுது சார்."

பேனாவை மூடிவிட்டார். "பாத்தீங்களா, அங்கதான் சிக்கல். வந்த குஞ்சு செத்தா கணக்குல ஏறும். வராத குஞ்சு எப்படிம்மா ஏறும்? இல்லாததுக்கெல்லாம் அரசாங்கம் எப்படிக் கணக்கு வெக்கும்? நீங்களே சொல்லுங்க."

முட்டையக்கா எழுந்து வந்துவிட்டாள். இல்லாத மின்சாரத்துக்கு மாதாமாதம் பில் வருகிறதே என்று வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில்தான் தோன்றியது. அப்புறம் தோன்றி என்ன பிரயோஜனம்?

அவள் கணவன் சரக்கு ஆட்டோ ஓட்டுபவன். குஞ்சுகளைப் பெட்டியில் அடுக்கி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன்தான். அவன் ஒரு பழைய ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து வந்தான். அது ஓட ஆரம்பித்த அரை மணிக்குள் துறையின் ஜீப் வந்து நின்றது. அவசர மின் நிலையத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் தனியார் ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது என்று ஓர் உத்தரவு இருந்தது. ஓட்டினால் பார்க்கிறவர்களுக்கு நிலையத்தின் மேல் நம்பிக்கை போய்விடுமாம். ஜெனரேட்டருக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டு, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். இத்தனை பெரிய நிலையத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஜெனரேட்டர் போட்டா உங்களுக்குத்தானே கேவலம்?" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே மைதானத்துக்குள் 'நிலையத்தின் பாதிப்புகள் குறித்த கருத்துக் கேட்புக் கூட்டம்' நடந்தது. கூட்டத்துக்கு ஏசி போட்ட கூடாரம் போட்டிருந்ததால் அன்றைக்குத் தெருவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வெட்டு. வீட்டில் புழுங்கிக்கொண்டு இருப்பதற்கு இங்கே வந்து உட்காரலாம் என்று தெருவே திரண்டு வந்துவிட்டது. அவ்வளவு கூட்டத்தைப் பார்த்த நிலைய மேலாளர் பூரித்துப்போனார்.

"பாதிப்பு பாதிப்புன்னு சொல்றாங்க" என்று ஆரம்பித்தார். "ஒன்பது வருஷமா நம்ம நிலையத்துலேர்ந்து ஒரு பொட்டுப் புகை வந்ததுண்டா? சத்தம் கேட்டதுண்டா? ஒரு விபத்து நடந்ததுண்டா? மத்த ஊர் நிலையமெல்லாம் ஓடி ஓடிப் பழுதாகுது. நம்ம நிலையம் இன்னிக்கு வரைக்கும் பழுதே ஆனதில்லை. ஒரு போல்ட் தேயலை. புதுசாவே இருக்கறதாலதான் வாடகையும் புதுசுக்குள்ள வாடகையாவே இருக்கு. இந்த வருஷம் சுத்தமான காத்துக்கான விருது நமக்குத்தான் வந்திருக்குங்கறதை மகிழ்ச்சியோட சொல்லிக்கறேன்."

விருதைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடியில் செய்த ஓர் இலை. முன்வரிசையில் இருந்த கம்பெனி ஆட்கள் தட்டினார்கள்.

கேள்வி கேட்க மூன்று பேருக்கு அனுமதி. முதல் இரண்டு பேரும் கம்பெனி ஆட்களாகவே இருந்தார்கள். மூன்றாவதாக முட்டையக்கா எழுந்தாள்.

"ஐயா, அந்த ஹீட்டரை ஒரு மூணே மூணு நாள் நிறுத்தி வெக்க முடியுமாங்க? பதினெட்டாம் நாள்லேர்ந்து மூணு நாள். அதுக்கு மேல நான் கேக்கலை."

மேலாளர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். "தாராளமா நிறுத்தலாம்மா. ஆனா நிறுத்தினா நிலையம் தயாரா இல்லைன்னு ஆகும். தயாரா இல்லாத நிலையத்துக்கு வாடகை வராது. வாடகை வராட்டி நாங்க பெட்டியெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிடுவோம். நாங்க போயிட்டா அப்புறம் உங்களுக்குக் கரண்ட் எப்படி வரும்?"

"நீங்க போயிட்டாத்தான்யா கரண்ட் வரும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது.

கூட்டத்தின் அறிக்கை மறுநாள் பலகையில் ஒட்டப்பட்டது. 'கரண்ட் வரும் என்று பொதுமக்கள் உரத்த குரலில் நம்பிக்கை தெரிவித்தனர்' என்று அதில் இருந்தது. முட்டையக்காவின் கேள்வி அதில் இல்லை.

கடைசி ஈட்டுக்குப் பதினேழாம் நாள். நிலையத்தின் வாடகையை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்க வேண்டுமாம். அதற்காகத் துறைத் தலைவரே அடுத்த வாரம் பார்வையிட வருகிறாராம். எட்டு என்ஜினும் வழக்கத்தைவிடத் தயாராக இருக்க வேண்டும் என்று ஹீட்டர்களை முழுசாக ஏற்றினார்கள். தெருவுக்கு வெட்டு இருபது மணி நேரம் ஆனது. முட்டையக்கா மெஷின்மேல் போர்வைகளைப் போர்த்தினாள், உள்ளே வெந்நீர்ப் பாட்டில்களை வைத்தாள், ஒவ்வொரு மணிக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். முப்பத்தைந்து. முப்பத்து நாலு. ஒரு முட்டையை டார்ச் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது உள்ளே நிழல் அசைந்தது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. செத்திருந்தால்கூட மனசு ஒரு வழிக்கு வந்திருக்கும். இது உயிரோடு இருந்துகொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அவளுடைய தம்பி அந்த நிலையத்தில்தான் காவலாளி. தெருவிலிருந்து அந்த நிலையம் வேலை கொடுத்த ஒரே ஆள் அவன். அன்று மாலை வந்தவன் அக்காவின் கோலத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லுவேன், திட்டக் கூடாது."

"சொல்லுடா."

"அந்தப் பெட்டிக்குள்ள முப்பத்தெட்டு டிகிரி இருக்கு. எப்பவும் அதேதான். கூடறதும் இல்லை, குறையறதும் இல்லை. சுவத்துல தெர்மாமீட்டர் மாட்டியிருக்கான்."

அக்கா தலையைத் தூக்கினாள்.

"மூணாம் நம்பர் பெட்டிக்குள்ள யாரும் வரதே இல்லைக்கா. தயார்னு கையெழுத்துப் போடறதுகூட வெளியே நின்னுதான் போடறாங்க. மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து நாலு வரைக்கும் எல்லாரும் ஏசி ரூம்ல குறட்டை. மேலாளர் உள்பட."

"அடேய், உன் வேலை போயிடும்டா" என்றான் அவள் கணவன்.

"போனா போகுது மச்சான். நான் மட்டும் என்ன வேலையா பாத்துட்டு இருக்கேன்? ஓடாத என்ஜினை யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்களான்னு பாத்துட்டு இருக்கேன்."

மறுநாள், பதினெட்டாம் நாள், மத்தியானம் இரண்டே காலுக்கு இருபத்தோரு தட்டு முட்டையும் சரக்கு ஆட்டோவில் மைதானத்துக் கேட்டுக்குள் போனது. எப்படியும் இந்த நாளில் முட்டையை வேறு தட்டுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். அவள் கொஞ்சம் தள்ளி மாற்றினாள், அவ்வளவுதான். மூன்றாம் பெட்டிக்குள் நுழைந்ததும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். என்ன சுத்தம்! என்ன சீரான சூடு! வெளிச்சம் குறைவு, காற்றோட்டம் மெதுவு, எங்கும் ஒரு தூசு இல்லை. இப்படி ஒரு அறை தனக்கு இருந்தால் ஊருக்கெல்லாம் குஞ்சு கொடுத்திருப்பேனே என்று வயிறு எரிந்தது. என்ஜின்மேலும் அதைச் சுற்றிலும் தட்டுகளை அடுக்கினாள். அகலப் பாத்திரங்களில் தண்ணீர் வைத்தாள். சுவரில் காற்று போக இருந்த பலகையை ஒரு குச்சியால் விரற்கடை திறந்துவைத்து முப்பத்தெட்டை முப்பத்தேழரைக்குக் கொண்டுவந்தாள். தம்பி கதவைப் பூட்டினான்.

மூன்று நாளும் மத்தியானம் வந்து பார்த்துவிட்டுப் போனாள். இருபதாம் நாள் போனபோது ஒரு தட்டில் காது வைத்துக் கேட்டாள். ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். பக்கத்து முட்டை அதற்குப் பதில் சொன்னது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு வருடமாக அவள் அப்படிச் சிரித்ததில்லை. வீட்டுக்கு வந்து குஞ்சுப் பெட்டிகளைக் கழுவிக் காயவைத்தாள். கணவன் வாங்குகிறவர்களுக்கெல்லாம் போன் போட்டு, "நாளைக்கு சாயங்காலம் வந்துடும்ங்க, சத்தியமா" என்று சொன்னான். அந்த எட்டுப் பெட்டி ஒன்பது வருடத்தில் முதல்முறையாக எதையோ ஒன்றை உலகத்துக்குக் கொடுக்கப்போகிறது என்று தம்பிக்கே ஒரு பெருமை வந்துவிட்டது.

இருபத்தோராம் நாள் காலை ஒன்பது மணிக்குத் துறைத் தலைவர் வந்துவிட்டார். அடுத்த வாரம் என்றவர் வேறு எங்கோ ரிப்பன் வெட்டப் போகும் வழியில் இதையும் முடித்துவிடலாம் என்று வந்தாராம். நாலு கார், ஒரு ஜீப், அதற்குப் பின்னால் ஒரு டேங்கர் லாரி. லாரியில் எரிவாயு இருந்தது. ஒரு என்ஜினைப் பதினோரு நிமிடம் ஓட்டப் போதுமான எரிவாயு.

செய்தி கேட்டு முட்டையக்கா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். தெருவே கேட்டுக்கு வெளியே நின்றது. தம்பி கேட்டருகில் வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் வாயசைத்தான்: ஒண்ணாம் பெட்டிதான், பயப்படாதே. மேலாளர் ஒன்றாம் பெட்டியைத்தான் இரண்டு நாளாகத் துடைத்துத் துடைத்து மினுக்கி வைத்திருந்தார். எரிவாயுக் குழாயையும் அங்கேதான் இழுத்து வைத்திருந்தார்.

துறைத் தலைவர் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. "நீங்க காட்டற பெட்டி வேண்டாம்" என்றார். "ஒன்பது வருஷமா நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இன்னிக்காவது நேர்மையா பாக்கணும். நான் சொல்ற பெட்டியை ஓட்டுங்க." எட்டுப் பெட்டிகளையும் ஒரு பார்வை பார்த்தார். "மூணு."

ஊழியர்கள் குழாயை மூன்றாம் பெட்டிக்கு இழுத்தார்கள். பக்கத்தில் போனதும் துறைத் தலைவர் நின்றார். "இது என்ன சத்தம்? கீச்கீச்னு?"

மேலாளருக்கும் கேட்டது. என்ன சத்தம் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "தயாரா இருக்கற என்ஜின் அப்படித்தான் சார் சத்தம் போடும்."

"உயிரோட இருக்கற மாதிரியே இருக்கே!"

"பராமரிப்பு சார்."

"சார்!" என்று கேட்டைத் தள்ளிக்கொண்டு முட்டையக்கா உள்ளே ஓடினாள். "சார், உள்ள கோழிக்குஞ்சு சார்! இப்பதான் பொரிச்சு வெளிய வந்துக்கிட்டு இருக்கு. அஞ்சே நிமிஷம் கதவைத் திறந்து விடுங்க, எடுத்துக்கிட்டுப் போயிடறேன். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன் சார்."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துறைத் தலைவர் மேலாளர் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் கோபம் இருந்ததா வியப்பு இருந்ததா என்று மேலாளர் ஒரு கணம் தவித்தார். வியப்புதான்.

"மின்சாரத்தோட சேர்த்துக் கோழிப் பண்ணைக்கும் வெப்பம் குடுக்கறீங்களா? அறிக்கையில இது வரவே இல்லையே!"

"அடக்கம் காரணமா எழுதலை சார்" என்றார் மேலாளர்.

"அஞ்சு நிமிஷம் சார்" என்றாள் அவள் மறுபடியும்.

தலைவரோடு வந்திருந்த மின் அலுவலகத்துப் பொறியாளர் மெதுவாக அவள் அருகில் வந்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அம்மா, கதவைத் திறந்தா அஞ்சு நிமிஷம் தயார் இல்லைன்னு பதிவேட்டுல எழுதணும். ஒன்பது வருஷத்துல ஒரு நிமிஷம்கூடத் தயார் இல்லைன்னு எழுதினதில்லை. இப்ப எழுதினா மிச்சத்தையும் நோண்டுவாங்க."

"அதுக்காக?"

"லாரிக்காரனும் வால்வைத் திறந்துட்டான்மா. பதினோரு நிமிஷத்துக்குத்தான் இருக்கு."

தம்பி சாவியோடு பெட்டியை நோக்கி ஓடினான். இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். மேலாளர் பொத்தானை அழுத்தினார்.

ஒன்பது வருடம் தயாராக இருந்த என்ஜின், சொன்னது சொன்னபடி நாலு நிமிடத்தில் கிளம்பியது. நிலம் அதிர்ந்தது. காற்று விசிறிகளைப் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது என்று அணைத்தே வைத்திருந்தார்கள். பெட்டியின் இரும்புச் சுவர் தொட்டால் சுடும் அளவுக்கு ஏறியது. கீச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. முட்டையக்கா கதவை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டே இருந்தாள். "அடப்பாவிகளா, அடப்பாவிகளா" என்பதற்குமேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை. தெருவில் விளக்குகள் எரிந்தன. ஜனங்கள் கத்தினார்கள், விசிலடித்தார்கள், சிலர் மகிழ்ச்சியில் அழுதார்கள். வீட்டில் குஞ்சுப் பெட்டிகளோடு காத்திருந்த அவள் கணவன் வாசலில் வந்து நின்று, "ஏய், கரண்ட் வந்துடுச்சு!" என்று மைதானத்துப் பக்கம் பார்த்துக் கூவினான்.

பதினோராம் நிமிடம் எல்லாம் அணைந்தது.

கதவைத் திறந்தார்கள். அதிர்வில் தட்டுகள் சரிந்து தரையெல்லாம் ஓடு. பாதி ஓட்டில் தலையை வெளியே நீட்டியவை, முழுசாக வெளியே வந்து கதவுப் பக்கம் நகர்ந்தவை, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தவை. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்துப் பார்த்தாள். ஐம்பது, அறுபது வரை அப்படிப் பார்த்திருப்பாள். பிறகு தம்பி வந்து கையைப் பிடித்து, "போதும்க்கா" என்றான்.

வெளியே துறைத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். "இந்த நிலையம் ஓடாதுன்னு சொன்னவங்க வாயை இன்னிக்கு அடைச்சிருக்கோம். பதினோரு நிமிஷம் ஓடிச்சு. நாம திட்டமிட்டதும் பதினோரு நிமிஷம்தான். நூத்துக்கு நூறு! புகை சின்னதா வந்தது. அதுக்காக விருதைத் திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னு நம்பறேன்." சிரிப்பு எழுந்தது. ரிப்பன் வெட்ட நேரமாகிவிட்டதால் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

தெருவுக்கு வெட்டு மறுபடியும் தொடங்கியது. ஓடிய என்ஜின் ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே.

சாயங்காலம் பொறியாளர் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். முட்டையக்கா பின்னறையில் மெஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தம்பி. கணவன் முன்னறையில் போனை எடுப்பதும் வைப்பதுமாக, வாங்குகிறவர்களுக்கு ஒவ்வொருவராக இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். பண்ணைக்காரர் மத்தியானமே போன் செய்துவிட்டார். இனி முட்டை வராது.

பொறியாளர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து அவளுக்கு எதிரே கீழேயே உட்கார்ந்தார். "அம்மா, நடந்தது நடந்துபோச்சு. மனசைத் தேத்திக்கோங்க. இப்ப உங்க தம்பி விஷயம் பேசணும்."

"என் தம்பியை என்ன செய்யப் போறீங்க?"

"கம்பெனி போலீசுக்குப் போகலாம்னு சொல்லுது. பூட்டுன பெட்டிக்குள்ள வெளியாளை விட்டிருக்கான். வேலை போறது மட்டும் இல்லை, உள்ள வெச்சுடுவாங்க. நான்தான் ஒரு வழி கண்டுபிடிச்சேன்." காகிதத்தை நீட்டினார். "நிலையத்தால பயன் அடைஞ்சவங்க பட்டியல். ஒன்பது வருஷமா காலியா இருந்தது. நீங்க பயனாளியா இருந்தா, உங்க தம்பி வெளியாளை உள்ள விடலை, பயனாளியை விட்டிருக்கான். தலைவருக்கும் இந்த யோசனை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வாடகை நீட்டிப்புக்கும் ஒரு பயனாளி இருந்தா நல்லதுன்னாரு."

"நான் போடலை" என்றாள் முட்டையக்கா. "எனக்கு என்ன பயன்? என் வயித்துல அடிச்சீங்களே, அதுவா பயன்?"

"அக்கா, போடாதே" என்றான் தம்பி. "உள்ள போனா போறேன்."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் காலித் தட்டுகள் இருபத்தொன்றும் கழுவாமல் கிடந்தன. முன்னறையில் அவள் கணவன், "இல்லைங்க, இந்தத் தடவையும் இல்லைங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"எங்க போடணும்?"

"இங்கதான்மா. அதுக்கு முந்தி ஒரே ஒரு கட்டம் நிரப்பணும். பயன் எவ்வளவுன்னு கேக்குது. எத்தனை குஞ்சு?"

"ஒண்ணும் இல்லை சார். எல்லாம் போயிடுச்சு. நீங்களும்தானே பாத்தீங்க."

"சைபர்னு போட்டா பயனாளின்னு ஆகாதேம்மா." பொறியாளர் உண்மையிலேயே சங்கடப்பட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "எத்தனை முட்டை வெச்சீங்க?"

"அறுநூத்து இருபது."

"அப்ப சரி" என்று எழுத ஆரம்பித்தார். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தும் காட்டினார். "அறுநூற்று இருபது குஞ்சுகள், தயார்."

அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.